மூலைப்பாறையில் கயிறு பிடித்தவர்

மூலைப்பாறையில் கயிறு பிடிக்க ஆளே வேண்டாம் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. முடிதிருத்தும் கடையில் கிளம்பியபோது அது ஒரே ஒரு சிறுமியின் கதை: போன பாறையேற்ற முகாமில் உச்சிவரை ஏறியவள், கீழே யாரும் கயிற்றைப் பிடிக்காமலே பூப்போல வந்து இறங்கினாளாம். மருந்துக்கடையை எட்டியபோது சிறுமிகள் மூவராகிவிட்டார்கள். பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்த நேரம், முகாம் மொத்தமும் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது.

கேட்டவர்கள் சிரித்தார்கள். கயிறக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரமே அடுத்த முகாம். முகாம் முதலாளிக்கு ஏகக் குஷி. வழக்கத்தைவிட அதிகமான பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள், எல்லோரும் கேட்டது அந்த "ஆளில்லாப் பாறை"யைத்தான். அதில் ஒரு பிள்ளை, கீழே ஆள் நிற்கிறாரா என்று பார்க்காமல் பின்னால் சாய்ந்துவிட்டால்? முகாம் தொடங்குவதற்குள் உண்மை தெரிந்தாக வேண்டும்.

கயிறக்கா பாறையேற்ற வழிகாட்டி. அவள் வீட்டுக் குளியலறையில் பாதி கயிறுகளுக்கு, மீதி மனிதர்களுக்கு. அலசிய கயிறு மாடிப்படிக் கைப்பிடி நெடுகக் காயும். விருந்தாளிகள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். கணவர் முகாமின் வேன் ஓட்டுநர். மின்விசிறி துடைக்க நாற்காலியில் ஏறினாலே அவருக்கு முகம் வெளுக்கும். "ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும்" என்பது அவர் கட்சி.

முகாமின் முதல் காலையில் கயிறக்கா பேசும் பேச்சு பெற்றோருக்கே மனப்பாடம். "காலணி கடிக்கும். கடிக்கலைன்னா அது உங்க அளவு இல்ல. தலைக்கவசத்துக்குள்ள வேர்க்கும், கழட்டாதீங்க. பாதி தூரத்துல காலு தந்தியடிக்கும், எனக்கும் அடிக்கும். அழுகை வந்தா தாராளமா அழுங்க. கீழ பாக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். சொன்னா அதத்தான் மொதல்ல செய்வீங்க."

பிறகு அந்த ஒரு வார்த்தை. கயிறு உச்சியிலுள்ள இரும்பு வளையத்தில் நுழைந்து திரும்பி, கீழே நிற்பவரின் இடுப்புக் கொக்கிக்கு வரும். ஏறி முடித்தவர் மேலிருந்து "பிடிச்சிருக்கா?" என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவர் "பிடிச்சிருக்கு" என்று சொன்ன பிறகே சாய வேண்டும். இளசுகளுக்கு இது போதாதா? "எனக்குப் பிடிக்கல, வீட்ல பேசிட்டு சொல்றேன்!" என்று எவனாவது கத்துவான், வரிசையே குலுங்கும். கயிறக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒரு உடம்பு காற்றில் சாய்கிறது.

போன முகாமில் அந்தச் சிறுமிக்குக் கயிறு பிடித்தவர், பிள்ளைகளோடு வந்திருந்த கணக்கு வாத்தியார். கயிறக்கா அப்போது பக்கத்துப் பாறையில் இருந்தாள். பள்ளி ஓய்வறைக்குப் போய் அவரைப் பிடித்தாள்.

"போன் வந்துச்சும்மா. அவ எறங்கிட்டான்னு நெனச்சுக் கொக்கியக் கழட்டிட்டேன். திரும்பிப் பாத்தா கயிறு தானா ஓடுது. மெதுவா... யாரோ அளந்து விடுற மாதிரி."

"பிடிச்சிருக்குன்னு நீங்க கத்தலையா?"

"நான் மச்சினன்கிட்ட இல்ல கத்திக்கிட்டு இருந்தேன்!"

சிறுமி, தன் அம்மாவின் தையல் கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை.

"கேட்டேன். பதில் வந்துச்சு. சாஞ்சேன்."

"வாத்தியார் குரலா?"

"இல்லக்கா. ரொம்ப வயசான குரல். ஆனா எறக்கினது சூப்பர். நீங்க எறக்கினா கொஞ்சம் குலுங்கும்."

இத்தனை வருடத் தொழிலில் கயிறக்கா வாங்கிய பெரிய அடி அதுதான். எழுந்து வந்தாள்.

முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் கணவரை இழுத்துக்கொண்டு மூலைப்பாறைக்குப் போனாள். வேறு குழு ஏதாவது அந்தப் பக்கம் ஏறினால் குரல் வளைந்து வரலாம் என்று, பாறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. காற்றுகூட இல்லை. கயிற்றின் ஒரு முனையைக் கணவரின் கொக்கியில் கோத்து, மறு முனையில் தன்னைக் கட்டிக்கொண்டு ஏறினாள். உச்சியில், கால் கட்டைவிரல் மட்டும் நிற்கிற விளிம்பில் நின்று கேட்டாள்.

"பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு, தங்கச்சி."

பதில் உடனே வந்தது. நிதானமான குரல், காதோரம் சொன்னதுபோல.

கயிறக்கா வீட்டுக்கு மூத்தவள். பிறந்த வீட்டில் அக்கா, புகுந்த வீட்டில் அண்ணி, முகாமில் எல்லோருக்கும் அக்கா. முதலாளியே அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட உலகத்தில் ஆளே கிடையாது.

கீழே பார்த்தாள். கணவர் காலடியில் கயிறு இடியாப்பச் சிக்காகக் கிடந்தது. அவர் குனிந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தார், வாயில் பிஸ்கட்.

"என்னங்க! நீங்களா பேசினது?"

அவர் அவசரமாக விழுங்கினார். "நான் வாயே தெறக்கல! இரு, இந்தச் சனியன் சிக்கிக்கிச்சு!"

விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. முழங்கை எரிந்தது. சாய்ந்துவிடு, சாய்ந்துவிடு என்று உடம்பு கெஞ்சியது. பாறையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். கல் வெயில் போன பிறகும் வெதுவெதுப்பாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இப்பப் பிடிச்சிருக்கேன்! நான்தான் சொல்றேன், உன் புருஷன்! வா!"

சாய்ந்தாள். கணவர் இறக்கினால் எப்போதும் பழைய பேருந்து நின்று நின்று போவதுபோல இருக்கும். இந்த முறை ஒரு குலுக்கல் இல்லை. கால் தரையில் பட்டதே தெரியவில்லை.

கணவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பிடிக்கிறதுக்கு முன்னாடியே கயிறு இறுகிடுச்சு. நான் சும்மா தொட்டுட்டுத்தான் நின்னேன்."

"கை நடுங்குதா?"

"இல்ல. அதான் பயமா இருக்கு."

மறுநாள் பிள்ளைகள் வந்து இறங்கியபோது மூலைப்பாறையைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. முதலாளி குதித்தார்: "அக்கா, இவ்ளோ பேர் வந்ததே அதுக்காகத்தானே!" அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாலு என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு பெண், நாடாவை விரலால் மீட்டியபடி கேட்டாள்.

"அக்கா, நெசமா அந்தப் பாறை கயிறு பிடிக்காதா?"

பிடிக்காது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பிடிக்கலாம். ஆனா அது யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாதவங்க கையில உங்கள விட மாட்டேன்."

வாலு நாடாவை விட்டாள். அந்த முகாம் முழுக்கப் பக்கத்துப் பாறையில், முகம் தெரிந்தவர்கள் கயிறு பிடிக்க, குலுங்கிக் குலுங்கி எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள்.

ஒன்றுதான் பாக்கி. கயிறு பிடிப்பவர்களிடையே ஒரு முறை உண்டு: உன்னை ஒருவர் இறக்கிவிட்டால், அடுத்து அவர் ஏறும்போது நீ பிடிக்க வேண்டும். அதற்கு மாத்து என்று பெயர். உயரம் ஆகாத மனுஷன் என்று கணவருக்கு அது எப்போதோ தள்ளுபடி. அன்றைக்கு அவளை இறக்கிய இன்னொருவருக்கு அப்படித் தள்ளுபடி சொல்ல அவள் யார்?

இப்போதும் பயணக்குழுவோடு அந்தப் பக்கம் போகும்போது, நாடாவுக்கு உள்ளேயிருந்து சில சமயம் பொறுமையாக ஒரு கேள்வி வரும்.

"ஏறட்டுமா, தங்கச்சி?"

கயிறக்கா உடனே தலைக்கவசங்களைச் சரிபார்க்கத் தொடங்குவாள், சத்தமாக. இன்னும் பதில் சொல்லவில்லை.