ஆசிரியர் வெளியே நிற்கும் தேர்வு

தமயந்தி மேடம் மறைந்த செய்தி எங்கள் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. மதியத்துக்குள் ஒருவர் அஞ்சலியை ஸ்லைடுகளாகவே செய்து அனுப்பிவிட்டார். முதல் ஸ்லைடில் 'இந்த அஞ்சலியின் நோக்கங்கள்' என்றிருந்தது. அவரிடம் படித்தவர்தான், சந்தேகமில்லை. எதற்கும் நோக்கத்தை முதலில் எழுதச் சொன்னவர் மேடம். எங்கே எழுத வேண்டாம் என்பதைச் சொல்ல நேரமில்லாமல் போய்விட்டது.

அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் படிப்பும் தெரிந்திருக்கும். ஐடிஐ, பாலிடெக்னிக் ஆசிரியர்கள், மாணவர்களை வேலைக்குத் தயார் செய்யும் பாடங்களை வடிவமைக்கக் கற்கும் முதுநிலைப் படிப்பு. சேலையூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தினோம். வந்தவர்கள் பல வருடம் பாடம் நடத்தியவர்கள்; ஆகவே தங்களுக்குக் கற்பிக்கத் தெரியும் என்று நம்பியவர்கள். அதற்கு மேடம் வைத்திருந்த வைத்தியம் இறுதித் தேர்வு. ஆசிரியர் எதையும் எழுத வேண்டாம். அவருடைய மாணவர் ஒருவர் உள்ளே வந்து வேலையைச் செய்து காட்டுவார். ஆசிரியர் வெளியே நிற்பார்.

"பாடம் நல்லா இருந்தா நீங்க எதுக்கு சார் உள்ள?" என்பார் மேடம்.

வெளியே நிற்கும் ஆசிரியர்கள் ஜன்னல் வழியே சைகை காட்டாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஒருமுறை வெளியே நின்றவர் முரளி, ஏசி மெக்கானிக் பிரிவு ஆசிரியர். ஒப்பந்தத்தில் இருந்தார், இதில் தேறினால்தான் வேலை நிரந்தரம். உள்ளே அவருடைய மாணவி, பொழிச்சலூர் ரேவதி. ஏசி குளிரவில்லை என்று புகார் சொல்லும் வாடிக்கையாளராக மேடமே உட்கார்ந்திருந்தார். ரேவதி ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாள், மூடியைத் திறந்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா பாத்துக்கினே கீற? வூட்ல புழுங்குது" என்றார் மேடம். அந்த வேடத்தை அவர் ரசித்துச் செய்வார்.

"சாரி மேடம், இதுக்கு மேல தெரியல. எங்க சாருக்கு போன் போட்டுக் கேட்டுக்கவா?"

என் பக்கத்தில் முரளியின் போன் அடித்தது. "போச்சு சார்" என்றார் என்னிடம்.

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளரும் அதையே சொன்னார். "இது காப்பி மேடம். ஃபெயில் போட்டுடுங்க."

மேடம் ரேவதியிடம் திரும்பினார். "கேக்கலாம்னு யாரும்மா சொன்னது?"

"எங்க சார்தான். தெரியாம கைய வச்சா பேஜாராயிடும், நிறுத்திட்டுக் கேளுன்னுவாரு. கேக்கறதுக்கே ஒரு நாள் பிராக்டிஸ் குடுத்தாரு."

மேடம் தேர்வாளரைப் பார்த்தார். "உங்க வீட்டு ஏசிக்கு வர்ற ஆளுக்குத் தெரியலைன்னா, கேட்டுட்டுத் தொடணுமா சார், கேக்காமயே தொடணுமா?"

தேர்வாளர் ஒப்புக்கொண்டார். "கேட்டுட்டுத்தான்."

"அப்ப இதுவும் அவர் நடத்தின பாடம்தான். முரளி, போனை எடுங்க."

முரளி எடுத்தார், சொன்னார், ரேவதி சரிசெய்தாள். முரளிக்கு வேலை நிரந்தரமானது. கிளம்பும்போது தேர்வாளர் முரளியின் நம்பரை வாங்கிக்கொண்டார். தன் வீட்டு ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறதாம்.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: ஒவ்வொரு பாடத்திலும், மாணவர் எந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று சொல்லலாம் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். சொல்லிப் பழகவும் வைக்கிறேன். மாணவர்களுக்கு ஒரே நாளில் வந்துவிடுகிறது. ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகிறது, ஆனால் வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது.