ஓங்கிய கைக்கு எதிர்க்கை

அப்பா முப்பத்தோரு ஆண்டுகள் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். போன மாதம் காலமானார். பிடிவாதக்காரர் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பிடிவாதம் முழுதாக வெளிப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டரை வயது மகளின் பொருட்டு.

அப்போது அம்மா இறந்து எட்டு மாதம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்திருந்தாள். வந்த வாரமே நிபந்தனை போட்டாள்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள இவளை அடக்குடா. இல்லேன்னா எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். உங்க மாமா ஒரு முறை முறைச்சா கப்சிப்னு ஆயிடுவா."

செருப்பைப் போடு என்றால் "மாட்டேன்". கழற்று என்றால் அதற்கும் "மாட்டேன்". அத்தை வைத்த பெயர் மாட்டேன் மகாராணி.

அன்று மகாராணி அத்தையின் கண்ணைப் பார்த்துக்கொண்டே பால் டம்ளரைக் கவிழ்த்தாள். கை தவறி அல்ல. நிதானமாக.

அப்பா துணியைத் தரையில் வைத்துவிட்டு அவள் உயரத்துக்குக் குந்தினார். "பால் கொட்டிடுச்சு. துடைக்கணும். நீயே துடைக்கிறியா, அப்பாவும் சேந்து துடைக்கட்டுமா?"

"மாட்டேன்."

"சரி. கோவம் போகட்டும். அப்பா இங்கயேதான் இருக்கேன்."

"அடேயப்பா, பெரிய சமாதானப் பேச்சு!" என்றாள் அத்தை. "அடியாத மாடு படியாதுடா."

"இவ மாடு இல்லியே, அக்கா."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை ஒதுங்கவில்லை, அழவில்லை. தன் உள்ளங்கையையும் விரித்து உயர்த்திக்கொண்டு தூண் மாதிரி நின்றாள்.

"பாத்தியா! முளைச்சு மூணு இலை விடல, என்னையே அடிக்கக் கை ஓங்குறா!"

அப்பா இருவருக்கும் நடுவில் வந்துவிட்டார். "ஓங்கல, அக்கா. உன் பேச்சைக் கேக்கறா."

லிஃப்ட் குழிக்குள் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. ஒருவர் உள்ளங்கையை உயர்த்தினால், நில் என்று பொருள். எதிரில் இருப்பவரும் உயர்த்த வேண்டும். பார்த்தேன், நின்றுவிட்டேன் என்று பொருள். தெருவில் பிய்த்துக்கொண்டு ஓடும் மகளுக்கு அப்பா இதை விளையாட்டாகப் பழக்கியிருந்தார். சட்டம் இருவருக்கும் ஒன்றே. அவள் கையை உயர்த்தினால், வாயருகே டீ டம்ளர் இருந்தாலும் அவர் அசையக் கூடாது. இதற்கு மட்டும் அவள் "மாட்டேன்" சொன்னதில்லை.

"நீ இறக்கினாத்தான் அவ இறக்குவா," என்றார் அப்பா.

"இறக்காம ஒண்ணு போட்டா?"

"அதுக்கப்புறம் கையைப் பாத்தா நிக்க மாட்டா, ஓடுவா. ரோட்டுலயும் ஓடுவா. அப்ப யாரு பிடிக்கிறது?"

அத்தை வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு கையை இறக்கினாள். பிள்ளையும் இறக்கினாள்.

"வசனமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பால் அப்படியேதான் கிடக்கு." அத்தை துணியை எடுக்கக் குனிந்தாள்.

"வெச்சிடு, அக்கா. அது அவ வேலை."

நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் இன்னும் ஆறு "மாட்டேன்". ஒவ்வொன்றுக்கும் அப்பா அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். கடைசியில் மகள் துணியை எடுத்தாள். டம்ளர் அளவு ஈரத்தை அறை அளவுக்குப் பரப்பினாள்.

"இதுக்குப் பேரு துடைக்கிறதா?"

"ஆமா. துடைச்சிட்டா. பிள்ளை எங்கயும் வரமாட்டா, அக்கா."

"அப்ப உன் வேலை?"

"பகல்ல பிள்ளையைப் பாத்துக்கிற காப்பகம் பக்கத்துல, லிஃப்ட் வேலை உள்ள கட்டடமாக் கேப்பேன். தரலேன்னா வேற வேலை."

அத்தை பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் திரும்பினாள். "செல்லம் குடுத்துக் குடுத்து, நாளைக்கு உன் தலைமேல ஏறி உக்காருவா பாரு."

"உக்காரட்டும். என் தலைதானே."

அத்தை தனியாகத்தான் பஸ் ஏறினாள்.