பனியடிமை மாமாவின் நூற்று நாற்பத்து மூன்று பார்கள்

புல்லுவிளையில் தனியாகக் கடலுக்குப் போகிற ஒரே ஆள் எங்கள் பக்கத்து வீட்டுப் பனியடிமை மாமா. வயது ஐம்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வள்ளம், தூண்டில், ஒரு போன், இவ்வளவுதான் அவருக்கு.

கடலுக்கடியில் பாறைத்திட்டு உள்ள இடத்தைப் பார் என்போம். கலவா மீன் அங்கேதான் கூடும். நல்ல பார் எங்கே இருக்கிறது என்று இங்கே யாரும் வாய்திறக்க மாட்டார்கள். மாமா தன் பார்களைப் போனில் வரைபடத்தில் குறித்து, எவனாவது எட்டிப் பார்த்தாலும் புரியாதபடி பலசரக்குப் பெயர் வைத்திருந்தார். பச்சரிசி, சோப்பு, மல்லி, தீப்பெட்டி. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று.

பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பதால் தெருவில் எல்லார் போனும் என்னிடம் வரும். போன வருஷம் மாமாவிடம் நானே கேட்டேன்.

"இது தண்ணில விழுந்தா என்ன பண்ணுவீங்க? எல்லாத்துக்கும் கூகுள்ல ஒரு காப்பி வச்சிரலாம் மாமா."

"அந்தக் கூகுள்ல எத்தனை பேருக்கு வள்ளம் இருக்குன்னு உனக்குத் தெரியுமா மோளே?"

ஒரு மணி நேரம் பேசித்தான் சம்மதிக்க வைத்தேன். கடவுச்சொல்லை எனக்கு முதுகு காட்டிக்கொண்டு அடித்தார். எழுதி வைக்கச் சொன்னதற்கு, காகிதத்தையும் திருடுவார்கள் என்றார். கடைசியில் போன் ஒரு கேள்வி கேட்டது.

"இது தொலைஞ்சா உதவிக்கு, நம்பிக்கையான இன்னொருத்தர் நம்பர் கேக்குது மாமா."

போனில் தன் நம்பர் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். மொத்தம் பதினோரு பெயர்கள்.

"ஐஸ் கம்பெனி நம்பர் ஆகுமா?"

"அது ஆள் இல்லையே."

"அப்ப விடு."

என் எண்ணைத் தரலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இந்தக் கர்க்கடக மாதத்தில் அது நடந்தது. துறைமுகத்தில் மீனை ஏலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர், திரும்பி வந்து ஐஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே வைத்த போன் இல்லை. நான்கு நாள் பார் தெரியாமல் கடலில் சுற்றிவிட்டு வெறும் வள்ளத்தோடு கரையேறினார். ஐந்தாம் நாள் பழைய போன் ஒன்றை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கடவுச்சொல் மறந்துவிட்டிருந்தது. அவருடைய எண்ணுக்கு ஒரு குறியீடு வந்தால் போதும், கணக்கு திறந்துவிடும். அதற்கு அதே எண்ணில் புது சிம் வேண்டும்.

சிம் கடைக்காரர் கணினியைப் பார்த்தார். "இது ஸ்டெல்லஸ்னு ஒருத்தர் பேர்ல இருக்கே. அவர் வந்து விரல் வைக்கணும். யாரு அவரு?"

மாமா தெருவைப் பார்த்தபடி நின்றார்.

"அவரோட அண்ணன். அந்தக் காலத்துல அவர்தான் சிம் எடுத்துக் குடுத்தது," என்றேன்.

"கூடப்பிறந்தவரையே தெரியாத மாதிரி நிக்கிறீங்களே, சேட்டா!"

அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வருஷம். இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த பார் ஒன்றுக்கு உப்பு என்று பெயர். அண்ணன் தன் மச்சானை அங்கே கூட்டிப்போனார். மச்சான் வாயில் எதுவும் தங்காது. ஒரே வாரத்தில் முப்பது வள்ளம். அன்றோடு மாமா தனியானார், அண்ணன் கோவளம் பக்கம் குடிபோனார்.

நான்தான் பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டெல்லஸ் கடைக்கு வந்தார். நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, தோளில் செக்யூரிட்டி என்ற பட்டை. ஒரு காலை இழுத்து நடந்தார். மாமா அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலுக்கு என்ன?"

"முட்டு போச்சு. கடலுக்குப் போய் ரெண்டு வருஷமாச்சுடா."

"வள்ளம்?"

"வித்தாச்சு. மச்சான் துபாயில ஓட்டல்ல மீன் கழுவுறான்." சிரித்தார். "கடைசில மீனோடதான் கெடக்கான்."

மாமா சிரிக்கவில்லை. இவர்களிடமிருந்து ஒளிக்கத்தானே ஏழு வருஷம் அவர் இருட்டோடு போய் இருட்டோடு வந்தார். அவர்களோ கடலிலேயே இல்லை.

ஸ்டெல்லஸ் கருவியில் விரல் வைத்தார். தூண்டில் கயிறு அறுத்த விரல்; மூன்றாம் முறைதான் ரேகை விழுந்தது. தொடர்புக்கு இன்னொரு எண் என்று கடைக்காரர் கேட்க, தன் எண்ணைச் சொன்னார். கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"உப்புல இப்ப மீன் இருக்காடா?"

அப்படி ஒரு கேள்விக்கு மாமா பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"இருக்கு. ரெண்டு வருஷமாத் திரும்பி வருது. பெருசா."

"நல்லது," என்று சொல்லிவிட்டு அண்ணன் பஸ்ஸுக்குப் போனார்.

மாலையில் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து கணக்கைத் திறந்தோம். பச்சரிசி வந்தது, சோப்பு வந்தது, உப்பு வந்தது. மாமா விரல்விட்டு எண்ணி முடித்தார். ஒன்றும் குறையவில்லை. கடவுச்சொல்லை இந்த முறை எழுதி, தன் வீட்டுக் கோதுமை மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டு வந்தார். போன் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது.

"இந்தத் தடவை என் நம்பரைப் போடட்டுமா மாமா?"

மாமா போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பத்து இலக்கம் சொன்னார். கடையில் காலையில் அண்ணன் சொல்ல, ஒரே ஒரு தடவை காதில் விழுந்த எண்.

"பேர் போட்டு சேவ் பண்ணட்டுமா?"

"வேண்டாம். நம்பர் மட்டும் போதும்."

எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, விளக்குப் போடாத தன் வீட்டுக்குள் போனார்.