சனிக்கிழமை விலை

யூதர்களாகிய நாம் ஏன் இப்படி ஊர் ஊராகச் சிதறினோம் என்று இங்கே மெர்வில் இளவட்டங்கள் கேட்கிறார்கள். பாபிலோனுக்கு இழுத்துப்போன ராஜா, கோயிலை எரித்த ரோமானியன் என்று படித்தவர்கள் பெரிய பெரிய பதிலாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது என் அக்கா புருஷன் பின்ஹாஸ் கதைதான். அவரை எங்கள் சொந்த ஊரான மஷாதிலிருந்து கிளப்பியது ஒரு சால்வை.

மஷாத் கடைவீதியில் அவருக்கு ஹாஜி ரமஜான் என்று பெயர். எங்கள் அப்பாக்கள் காலத்தில் ஒரு நாள் கூட்டம் வந்து எங்கள் தெருவைச் சூறையாடியதில், உயிர் பிழைக்க எல்லோரும் முஸ்லிம்களாக மதம் மாறினார்கள். வெளியேதான் மாறினோம். வீட்டுக்குள் யூதர்களாகவே இருந்தோம். தெரிந்தால் தலை போகும், அதனால் யாரையும் நம்பமாட்டோம். பால்காரன் வாசலில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் போதும், எதற்கு நிற்கிறான் என்று அக்கா திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்பாள்.

சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள். காசைத் தொடக்கூடாது. கடையைப் பூட்டினாலோ ஊர் மோப்பம் பிடித்துவிடும். அதனால் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்க்கு வந்த விலையைச் சொல்வோம். வந்தவன் திட்டிக்கொண்டே போய்விடுவான். மச்சான் இதில் கெட்டிக்காரர். சனிக்கிழமையானால் இந்த மனிதருக்குக் கிறுக்குப் பிடிக்கிறது என்று வீதியில் பேச்சு. அந்தக் கிறுக்குதான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை நஸ்ருல்லா வந்தார். நிஷாபூரிலிருந்து வந்து குடியேறிய சாய வியாபாரி, யாரோடும் ஒட்டாத ஆள். கூடவே ஒரு வேலைக்காரன். எதிர்க்கடையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கம்பளிச் சால்வை ஒன்றைக் காட்டி விலை கேட்டார். ஒரு கழுதையே வாங்கிவிடலாம், அப்படி ஒரு விலையைச் சொன்னார் மச்சான்.

“சரி, கட்டிக் குடுங்க ஹாஜி,” என்றார் அந்த ஆள்.

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. தவறாகச் சொல்லிவிட்டேன் என்று இன்னும் ஏற்றினார். அதற்கும் சரி என்றார் நஸ்ருல்லா. தலையை அசைத்தார், வேலைக்காரன் பணப்பையை எடுத்துப் பலகைமேல் வைத்தான். தன் கையால் காசு எடுக்கக்கூட இந்தத் துரைக்கு வலிக்கிறதோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீதியே வேடிக்கை பார்த்தது. பையைத் தொட்டால் பாவம், தொடாவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

எங்கள் ஊரில் கடைக்காரன் மரியாதைக்குக் காசு வேண்டாம் என்பான், வாங்குகிறவன் வற்புறுத்துவான், கடைசியில் கடைக்காரன் வாங்கிக்கொள்வான். மச்சான் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

“உங்ககிட்ட போய்க் காசு வாங்குறதா? பரிசா வச்சுக்குங்க.”

அவர் வற்புறுத்தினார், இவர் மறுத்தார். மறுபடியும் அதே. வழக்கமாக வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் வந்தும் இவர் வாங்கவில்லை. நஸ்ருல்லா அவரை உற்றுப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். பையையும் சால்வையையும் வேலைக்காரன் தூக்கிக்கொள்ள, போய்விட்டார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னோம். கொள்ளை விலை சொன்னவன் இனாமாகத் தூக்கிக் கொடுத்தால் யாருக்குத்தான் புரியாது? வேவு பார்க்க வந்தவன், நாளைக்கே ஆட்களோடு வருவான் என்றாள் அக்கா. அந்த வாரமே எல்லை தாண்டி மெர்வுக்குப் போவதென்று முடிவாயிற்று. மச்சானின் ஒரே மகள் கோஹர் மட்டும் வரவில்லை. நிறைமாதம். ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் தாண்ட முடியாது, புகுந்த வீட்டாரும் விடவில்லை.

“குழந்தை பொறந்ததும் உன்னைக் கூட்டிட்டு வர ஆள் அனுப்புறேம்மா,” என்றார் மச்சான்.

“அனுப்பமாட்டீங்கப்பா. பயந்துக்குவீங்க,” என்றாள் அவள்.

அப்படித்தான் ஆயிற்று. மஷாத் பக்கம் எந்த வியாபாரக் கூட்டம் கிளம்பினாலும் மச்சான் ஓடிப்போய் ஆள் பார்ப்பார். இவன் காட்டிக்கொடுத்துவிடுவான், அவன் பார்வை சரியில்லை என்று திரும்பி வந்துவிடுவார். வருடங்கள் ஓடின. அக்காவும் கண்ணை மூடிவிட்டாள்.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மெர்வில் எங்கள் ஜெபவீட்டில் முன்வரிசையில் ஒரு பச்சைச் சால்வை தெரிந்தது. மச்சான் என் கையை இறுகப் பிடித்தார். திரும்பியது நஸ்ருல்லா. அவரும் எங்களைத் தெரிந்துகொண்டார். ஜெபம் முடிந்ததும் நேரே எங்களிடம் வந்தார்.

“நிஷாபூர்ல நம்மாளுங்க யாருமே மிஞ்சல. மஷாதுல இருப்பாங்களான்னு தேடித்தான் வந்தேன். எந்த விலைக்கும் சனிக்கிழமை காசு வாங்காத கடைக்காரரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்துச்சு. அடுத்த வாரம் சொல்லலாம்னு வந்தா, கடை பூட்டியிருந்துச்சு.”

“அன்னிக்கே காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே,” என்றேன் நான்.

“நீங்க யாருன்னு எனக்கும் முழுசா நம்பிக்கை வரலையே.”

சால்வைக்கு உண்டான பணத்தை நாளைக்கே தந்துவிடுகிறேன் என்றார். மச்சான் அதன் நுனியைப் பிடித்துத் தடவிக்கொண்டே நின்றார்.

“பொண்ணை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்,” என்றார்.

எந்தப் பெண் என்று நஸ்ருல்லாவுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன்.