மூன்று மொழியில் ஒரு பேங்க் சண்டை

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எங்கள் மைசூரில் மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று பக்கம்: தமிழ், கன்னடம், இங்கிலீஷ்.

நான் பள்ளிக்கூட டீச்சர். மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பேர் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். அப்போது விவசாயிகள், வக்கீல்கள், வாத்தியார்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். கடல் தாண்டிய ஒரு பெரிய பன்னாட்டு பேங்க், ஊர் மேய்ச்சல் நிலங்களில் தைல மரம் நடுவதற்கு அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்க இருந்தது. அந்த நிலத்தை நம்பிப் பிழைப்பவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் கடன் கொடுக்கக் கூடாது, பேங்க் தன் வழக்கத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. மூன்று மொழியும் தெரிந்த பாவத்துக்கு மைக் என் கைக்கு வந்தது. சங்கத்திலோ சர்ச்சிலோ ஒரு தடவையாவது "நீங்களே பேசிடுங்களேன்" என்று மாட்டிவிடப்பட்டவர்களுக்கு என் நிலைமை புரியும்.

மிளகாய் மாடி

எங்கள் ஆபீஸ் மண்டி மொஹல்லா என்ற பேட்டையில், ஒரு மிளகாய் வத்தல் கிடங்குக்கு மேலே இருந்தது. கீழே மூட்டையைப் பிரித்தால் காரம் ஏறி மேலே தீர்மானம் பாதியில் நிற்கும். தலைவர் பேச எழுந்தால் தும்முவார்; கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். ஒரு நாள் ஒரு விவசாயி தன் ஊர் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் உண்மையில் அழுதோமா, மிளகாயா என்று எங்களுக்கே தெரியவில்லை.

வாடகைக்கு விட்ட சாயபு மாடியேறி வந்து பார்த்துப் பதறிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "அந்த பேங்க்காரங்களை இங்கேயே கூட்டிட்டு வாங்கம்மா. நீங்க ஒண்ணும் பேச வேணாம், சும்மா உட்கார வெச்சாலே போதும்."

கிளை எங்கே?

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஊர்வலம். தட்டியும் கொடியுமாகக் கோயில் தெருவிலிருந்து ஹைவே பக்கம் திரும்பினோம். இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தினார். கைதானால் வேலை போய்விடும் என்று தலைமையாசிரியை முதலிலேயே எச்சரித்திருந்தார். "எந்த பேங்க்மேல கலாட்டா?" என்றார் இன்ஸ்பெக்டர் கன்னடத்தில். பேரைச் சொன்னோம். "நம்ம ஊர்ல அதுக்குக் கிளை இருக்கா?" இல்லை, கடல் தாண்டி இருக்கிறது என்றேன்.

அவர் முகத்தில் வந்த நிம்மதி என் முகத்திலும் வந்திருக்க வேண்டும். ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னார்: "அப்போ அது என் லிமிட்டுக்குள்ள வராது. கோஷம் போட்டுக்கங்க, லாரிக்கு மட்டும் வழி விடுங்க."

மிச்சம்

கடைசியில் எங்கள் பக்கத்தைக் கேட்க பேங்க் ஒரு ஆளை அனுப்பியது. தமிழ்நாட்டு எல்லையில், கோபிநத்தம் தாண்டி, காட்டோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம். உயரமான வெள்ளைக்காரர்; வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. கூட வந்த அரசாங்க அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "சுருக்கமா, சுருக்கமா" என்று எனக்கு ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார்.

ஆடு வளர்க்கும் பழனியம்மா எழுந்தார். அந்த மரத்து இலையை ஆடு தொடாது, அதன் அடியில் புல் முளைக்காது, மேய்ச்சல் போனால் ஆட்டை விற்றுவிட்டுப் பெங்களூரில் கல்லுடைக்கப் போக வேண்டியதுதான், போன தடவை ஆபீசர்கள் காரை விட்டு இறங்கவே இல்லை என்று மூச்சு விடாமல் பேசினார். நடுவில் ஆபீசர்களுக்கு இரண்டு வசவும் உண்டு. நான் இங்கிலீஷில் ஒரே வரியில் சொன்னேன்: "இந்த அம்மா திட்டத்தை விரும்பவில்லை." வெள்ளைக்காரர் தலையாட்டினார்.

பழனியம்மா உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார். "ஏனுங் டீச்சரு, நானு அத்தன பேசுனனே, நீங்க இத்தினியூண்டு சொல்லிப்போட்டு நிக்கறீங்க. மிச்சத்த யாருக்குங்க எடுத்து வெச்சிருக்கறீங்க?"

செய்தி

கூட்டமே சிரித்ததும், ஏன் சிரிக்கிறார்கள் என்று வெள்ளைக்காரர் கேட்டார். வேறு வழியில்லாமல் வசவு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகாரியிடம் கடிகாரத்தை மறைக்கச் சொல்லிவிட்டு, பொழுது சாயும்வரை ஒவ்வொருவராகப் பேசச் சொல்லிக் கேட்டார். பிறகு பேங்கிடமிருந்து மாதக்கணக்கில் பேச்சு மூச்சில்லை. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே எங்கள் வக்கீல் வாசலுக்கு ஓடுவார்.

ஒரு மத்தியானம் வக்கீல் என் வகுப்பு ஜன்னலில் வந்து நின்றார். ஜெயித்துவிட்டோம் என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பழனியம்மா ஊர் மேய்ச்சல் நிலத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி எங்கள் ஜில்லாவில் கடன் கொடுக்கும் முன் ஊரிலேயே, ஊர்ப் பேச்சிலேயே கருத்துக் கேட்பார்கள். நாங்கள் கேட்டது எல்லா நாட்டுக்கும். கிடைத்தது ஒரு ஜில்லாவுக்கு. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நாள் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, காட்டோரம் நடந்து, பழனியம்மாவைத் தேடிப் போய்ச் சொன்னேன். கையிலிருந்த கொம்பை ஊன்றிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "சந்தோசமுங்க. செத்த இந்தப் பக்கமா வந்து நில்லுங்க, ஆடு உங்களப் பாத்து மெரளுது."

உலகத்தை ஆட்டிவைக்கும் பேங்கை ஒரு ஊருக்காக இறங்கிவர வைத்த எங்களால், கடைசிவரை அந்த மிளகாய் மாடியில் ஒரு தீர்மானத்தைக்கூடத் தும்மாமல் நிறைவேற்ற முடியவில்லை.