பேபியின் தேன்மதுவும் தியாகலிங்கத்தின் நாக்கும்

ரொறன்ரோவில் பேபியின் பெயரை யாரும் ஒரே தடவையில் நம்பியதில்லை. வெக்ஸ்போர்ட்டில் அவள் வேலை செய்த, பாணும் பனிஸும் சுடுகிற ஃபக்ரறியில் அந்தப் பெயரைச் சட்டையில் தைத்துக் கொடுத்திருந்தார்கள். இளவயதுச் சூப்பர்வைசர், ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணை "பேபி" என்று கூப்பிடக் கூச்சப்பட்டு, தூரத்தில் நின்று கையைக் காட்டுவான். அவள் வேண்டுமென்றே காணாதவள்போல நிற்பாள். அவன் வாய்விட்டுக் கூப்பிட்டு முகம் சிவந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள்.

யாழ்ப்பாணத்தில் அவள் ஆஸ்பத்திரி லாப்பில் பத்தொன்பது வருடம் இருந்தவள். இரத்தம், சளி, சிறுநீர் என்று எது வந்தாலும் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து எண்ணிச் சொல்லுவாள். அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது என்று ஒரு கடிதம் வந்தது. அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்குக் கீழே செருகிவிட்டுப் பனிஸ் அடுக்கப் போனாள்.

புருஷன் தியாகலிங்கம் டவுன்ரவுனில் கார் பார்க்கிங் கூண்டொன்றில் காலை வேலை பார்த்தார். பின்னேரம் இரண்டரைக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். ஊர்ச் சங்கத்தில் மது ஒழிப்புக் குழுவின் செயலாளரும் அவர்தான். மேடையில் ஏறினால் "ஒரு துளி" என்று தொடங்கி முக்கால் மணித்தியாலம் பேசுவார்.

அவர்கள் குடியிருந்த பேஸ்மென்ற் வித்தோரியோ என்ற இத்தாலியக் கிழவருடையது. ஒவ்வொரு வருடமும் அவர் திராட்சை நசித்து வைன் போடுவார். ஒவ்வொரு வருடமும் அது வினாகிரியாகிவிடும். தொண்ணூற்றுநாலாம் ஆண்டு ஒக்ரோபரில் உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டிருந்ததைக் கண்ட பேபி, பீப்பாவை முகர்ந்து பார்த்தாள்.

"உள்ளே காற்றுப் போயிருக்கு. ஈஸ்ட் சீனியைச் சாராயமாக்கி முடிச்சிட்டுது. பிறகு இன்னொரு கிருமி வந்து, காற்றையும் பிடிச்சுக்கொண்டு சாராயத்தைப் புளிப்பாக்கிப்போட்டுது," என்று தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னாள்.

இருபது வருடமாக மாதாவிடம் முறையிட்ட விஷயத்துக்கு இப்படி ஒரு விடை இருக்குமென்று கிழவர் எதிர்பார்க்கவில்லை. ஐந்து லீற்றர் கண்ணாடிக் குடமொன்றையும், அதன் வாயில் பொருத்தும் வளைந்த குழாயையும், பைக்கற்றில் வைன் ஈஸ்டையும் அவள் கையில் கொடுத்து, "நீ போட்டுக் காட்டு," என்றார்.

ஃபக்ரறியில் இறுகிப்போன தேன் ஒரு வாளி எறியக் கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வெந்நீரில் கரைத்தாள், குடத்தைக் கழுவிக் கிருமி நீக்கினாள், ஈஸ்டைத் தூவினாள். வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளேயிருக்கிற வாயு குமிழியாய் வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. அடுத்த நாள் விடிய அது "பொளுக், பொளுக்" என்றது. பேபி உடுப்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே நின்றாள். அஞ்சு வருடமாக அவள் பார்த்த ஈஸ்ட் எல்லாம் போறணைச் சூட்டுக்குள் போய்ச் செத்ததுதான்.

ஐந்தாம் நாள் சத்தம் குறைந்து, கூழ்முட்டை நாற்றம் கிளம்பியது.

"என்னப்பா உந்த மணம்?" தியாகலிங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"அது வித்தோரியோவின்ரை சாமான். அந்தாள் ஏதோ பரிசோதனை செய்யுது. நீங்கள் உதுக்குள்ளை தலையிடாதேங்கோ."

நாற்றத்தின் காரணம் அவளுக்கு விளங்கியது. தேனில் சீனி இருக்கிறது, மற்றச் சத்து இல்லை. நைதரசன் கிடைக்காத ஈஸ்ட் பட்டினியில் கந்தக வாயுவை விடுகிறது. ஃபக்ரறி ஈஸ்டில் ஒரு கரண்டியைக் கொதிக்கவைத்துக் கொன்று, ஆறவிட்டு உள்ளே ஊற்றினாள். செத்த ஈஸ்டைத் தின்று உயிருள்ள ஈஸ்ட் தெம்பாகியது. இரண்டு நாளில் மணமும் போய்விட்டது.

குடத்துக்குள் நடப்பதை அளக்க ஒரு நீரமானி வேண்டியிருந்தது. வித்தோரியோ கொண்டுவந்து தந்ததைப் பார்த்ததும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆஸ்பத்திரியில் சிறுநீரின் அடர்த்தி பார்க்கத் தினமும் மிதக்கவிட்ட கண்ணாடிக் குழாயின் உடன்பிறப்புத்தான் அது. சீனி கூடினால் உயர மிதக்கும், சீனி சாராயமாக மாற மாற அமிழ்ந்துகொண்டு போகும். தனித் தண்ணீரில் அது ஆயிரத்தைக் காட்டும்; தேன்தண்ணீர் ஆயிரத்து நூற்றிருபதில் தொடங்கியது. ஜனவரியில் ஆயிரத்து இருபதில் வந்து நின்றது. தான் ஆக்கிய சாராயத்தையே இனித் தாங்கமாட்டாமல் ஈஸ்ட் படுத்துவிட்டது. இரண்டு கிழமை பார்த்தாள்; இருபதுதான். பேபி குடிப்பதில்லை. நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பாள், துப்பிவிடுவாள். அவளுக்கு இலக்கம் போதும்.

அதற்கடுத்த ஞாயிறு அளந்தபோது நீரமானி பதினாலைக் காட்டியது.

மறுபடி அளந்தாள். பதினாலுதான். குமிழி ஒன்றும் வரவில்லை, ஆகவே ஈஸ்டின் வேலையல்ல. குடத்தின் வெளியே ஒட்டியிருந்த அடையாளத்திலிருந்து மட்டமும் இறங்கவில்லை. அப்படியென்றால் ஆரோ எடுக்கிறார்கள், எடுத்த அளவுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தாள். ஐந்து லீற்றரில் நாளுக்குக் கால் லீற்றர் எடுத்துத் தண்ணீர் விட்டால் ஏழு நாளில் இருபது சரியாகப் பதினாலாகும். கால் லீற்றர் என்றால் அவர்கள் வீட்டு எவர்சில்வர் ரம்ளர் ஒன்று.

இருந்தாலும் அவள் முதலில் சந்தேகித்தது வித்தோரியோவைத்தான். அந்த அறைப் பூட்டின் திறப்பு அவரிடமும் இருந்தது. புருஷனோ பனங்கள்ளின் பெயரைச் சொன்னாலே வாய் கொப்பளிக்கிற ஆள். வாய் கொப்பளிப்பது என்று நினைத்த உடனே இன்னொன்று நினைவுக்கு வந்தது. குசினியில் அப்பச்சோடாப் பெட்டி பாதியாகியிருந்தது. அவள் அப்பமும் சுடவில்லை, கேக்கும் போடவில்லை. குடித்த வாயின் மணத்தைப் போக்க ஆரோ சோடாவால் கொப்பளிக்கிறார்கள்.

பேபிக்குக் கோபம் வரவில்லை. லாப்பில் அபூர்வமான கிருமி ஒன்று அகப்பட்ட நாட்களில் வருகிற உசார்தான் வந்தது.

சனிக்கிழமை அவள் உறைந்த புளூபெர்ரி ஒரு பை வாங்கி அவித்துச் சாறு வடித்துக் குடத்தில் ஊற்றினாள். தேன்மது கருஞ்சிவப்பாகியது. அந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு: புளிப்பில் சிவந்திருக்கும், காரத்தில் பச்சை நீலமாக மாறும். தேன்மது புளிப்பு, அப்பச்சோடா காரம்.

ஞாயிறு காலை வித்தோரியோவை மறித்து, நாக்கை நீட்டச் சொன்னாள். கிழவர் ஒன்றும் கேட்காமல் நீட்டினார். நல்ல இளஞ்சிவப்பு. "சுகமாய் இருக்கிறீங்கள்," என்று அனுப்பிவிட்டாள்.

பின்னேரம் மூன்று மணிக்குச் சங்கத் தலைவர் அமிர்தநாதர் வந்தார். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். மது ஒழிப்பு விழாவுக்கான பேச்சைக் கேட்டுத் திருத்தவேண்டும் என்று வந்திருந்தார். அவர் வருவதற்குச் சற்று முன்புதான் தியாகலிங்கம், "உடுப்பு காஞ்சிட்டுதோ எண்டு பாத்துக்கொண்டு வாறன்," என்று அந்த அறைக்குப் போய்வந்து, குளியலறையில் நெடுநேரம் கொப்பளித்தார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! ஒரு துளி..."

அமிர்தநாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"தம்பி, கொஞ்சம் பொறும். நாக்கை நீட்டும் பாப்பம்."

தியாகலிங்கம் நீட்டினார். நாக்கு நுனியிலிருந்து அடிவரை மயில் கழுத்தின் நிறமாய் இருந்தது.

"ஐயோ! உது ஏதோ நச்சுக்காய்ச்சல்! பிள்ளை, அம்புலன்சுக்கு அடியும்!"

"வேண்டாம் ஐயா," என்றாள் பேபி. சிரிப்பை மறைக்கத் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். "நான் லாப்பில வேலை செய்தனான். உது தொத்தாது. புளூபெர்ரி கூடினால் வாறது."

தியாகலிங்கம் சுவர்க்கண்ணாடியில் நாக்கைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அன்றைய பேச்சு அந்த ஒரு துளியோடு நின்றது.

தலைவர் போனதும் அவர் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"நாளுக்கு ஒரு ரம்ளர். போன ஞாயிறோடை ஏழு. சரியோ?"

"எண்ணினீரோ?"

"அளந்தனான்."

அவர் சட்டைக் கையால் நாக்கைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "கூண்டுக்குள்ளை குளிரப்பா. ஒரு நாள் மணம் நல்லாயிருந்துது. தேன்தானே எண்டு பாத்தன்," என்றார்.

"என்ரை தம்பியின்ரை கலியாணத்தில, பந்தலுக்குப் பின்னாலை ஒரு போத்தில் இருந்ததெண்டு சாப்பிடாமல் எழும்பிப் போனியள். ஞாபகமிருக்கோ? பதினாறு வருசமாய் அவன் உங்களோடை கதைக்கேல்லை."

"குலசிங்கமோ? இப்ப ஜேர்மனியில இரவாயிட்டுது, படுத்திருப்பான்."

"நாளைக்கு விடியட்டும். நம்பர் நான் தாறன்."

மறுநாள் பேசினார். பேபி மற்ற அறையிலிருந்து கேட்டாள். முதலில் இருமல், பிறகு "ஓம், ஓம்," பிறகு மன்னிப்பு, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு.

விழாவில் தியாகலிங்கம் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசினார். பன்னிரண்டு நிமிடத்தில் முடித்ததால் சனங்கள் அளவுக்கு மீறிக் கைதட்டினார்கள். அதன் பிறகு பேபி போடுகிற குடங்களுக்கு ருசி பார்க்கிற ஆள் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னக் கிளாசில் ஊற்றிக் கொடுப்பாள். கண்ணை மூடி யோசித்து, "துவர்ப்புக் காணாது" என்பார். அவள் எழுதிக்கொள்வாள்.

மார்ச்சில் ஒரு நாள் ரெலிபோன் அடித்தது. அமிர்தநாதர். தியாகலிங்கம் நிற்கிறாரோ என்று கேட்டார். இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உந்தப் புளூபெர்ரிச் சாமான்... நாக்கிலை நிறம் பிடிக்காத மாதிரியும் செய்யலாமோ?"

"தனித் தேனிலை செய்தால் பிடிக்காது ஐயா. அஞ்சாறு மாதம் பொறுக்கவேணும்."

"பொறுக்கலாம், பொறுக்கலாம்," என்றார் முன்னாள் அதிபர்.

பேபி ரெலிபோனை வைத்துவிட்டு, இன்னும் இரண்டு கண்ணாடிக் குடம் இருக்குமா என்று கேட்க வித்தோரியோவிடம் மேலே ஏறிப் போனாள்.