கப்பல் தேட ஒரு தகரம்

கடல் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் செருப்பைத்தான் பார்க்கிறார்கள். அதில் எப்போதும் செம்மண்தான் ஒட்டியிருக்கும். தன் வேலை என்னவென்று வீட்டில்கூடப் புரியவைக்க முடியாமல் தவிக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். விளக்கை அணைத்துவிட்டுத் திருட்டுத்தனமாக வரும் கப்பலை மேகம், இருட்டு எல்லாம் தாண்டி மேலேயிருந்து பார்க்கிற ரேடார் செயற்கைக்கோள் ஒன்று இருக்கிறது. அதற்குப் பார்வை சரியாக இருக்கிறதா என்று கடலில் வைத்துச் சோதிப்பது கஷ்டம். அலையும் ஆடும், கப்பலும் நகரும். அதனால் கண் டாக்டர் சுவரில் எழுத்தைத் தொங்கவிடுகிற மாதிரி, நகராத தரையில் ஒரு தகரத்தை நட்டு வைப்பார்கள். மூன்று முக்கோணத் தகடுகளை மூலைக்கு மூலை சேர்த்த சமாச்சாரம். சரியான திசையில் வைத்தால் மேலே பளிச்சென்று ஒரு புள்ளியாகத் தெரியும். அதை நட்டுக் காவல் காப்பதுதான் என் வேலை.

டிப்ளமோ முடித்து ஐந்து வருஷம் ஜெராக்ஸ் கடையில் நின்ற பிறகு கிடைத்த வேலை இது. சேர்ந்த அன்றே மேனேஜர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். செயற்கைக்கோள் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை காலை ஆறு மணிக்கு மேலே போகும். மூன்று முறை பார்ப்போம். ஒருமுறையாவது சுத்தமான புள்ளி வராவிட்டால் இடமும் ரத்து, என் வேலையும் ரத்து. கே.கே. நகர் ஆபீஸில் எனக்கென்று போட்டிருந்த ஒற்றை நாற்காலியை அன்று ஆசை ஆசையாகத் துடைத்தேன்.

கொட்டாம்பட்டியில் கப்பலா?

கொட்டாம்பட்டிப் பக்கம் அழகர்சாமி அண்ணன் தன் நிலத்தில் தரிசாகக் கிடந்த ஒரு மூலையைக் கொடுத்தார். தகரம் இறங்கிய அன்று ஊரே வந்து நின்றது. அவர் மனைவியின் தம்பி போஸும் வந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் நிலம். ரோட்டு மேல் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். மச்சான்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை உண்டு, ஒத்துப்போவதுதான் கிடையாது. நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே போஸ் அண்ணன் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்துத் தகட்டை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

கப்பல், ரேடார், வானம் என்று அரைமணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அழகர்சாமி அண்ணன் கடைசியில் சொன்னார்: "சரித்தான் தாயி. ஒருவேளை கப்பல் இங்கிட்டு வந்தாலும், கண்மாயில தண்ணி கெடக்கணும்ல?"

மேலே சொல்லி ஒரு உதவி

பழங்காநத்தத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் ஓனர் அக்கா கொஞ்சம் படித்தவர். அவருக்காவது புரியவைத்துவிடலாம் என்று செல்போனில் படமெல்லாம் காட்டினேன். "இம்புட்டு உசரத்துல இருந்தா பாக்குது!" என்று வாயைப் பிளந்தார். ஆகா, ஒரு ஜீவனுக்காவது புரிந்ததே என்று எனக்கு ஒரே பெருமை. அது முழுசாக ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

காலிக் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: "கப்பலை நேவிக்காரங்க பாத்துக்குவாங்க. நம்ம தெருவுக்கு வர்ற தண்ணி லாரி எந்த முக்குல நிக்குதுன்னு மட்டும் மேல கேட்டுச் சொல்லு."

அடியில் ஒரு ஓட்டை

முதல் தடவை புள்ளி மங்கலாக வந்தது. மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்து ஓடினேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. தகரத்துக்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. விளிம்பில் இரண்டு மைனா உட்கார்ந்திருந்தன. தண்ணீர் வடிவதற்கென்றே அடியில் ஒரு ஓட்டை உண்டு. கையை விட்டுத் துழாவினால், பழைய சேலைத் துணி.

யார் வேலை என்று நான் கத்துவதற்குள் அழகர்சாமி அண்ணன் மனைவி பாண்டியம்மாள் சந்தோஷமாக முன்னால் வந்தார்: "இம்புட்டுப் பெரிய தொட்டியச் செஞ்சு, அடியில ஓட்டைய விட்டுட்டானுகளேன்னு நான்தான் அடைச்சேன் தாயி. காக்கா குருவி குடிக்குதுல்ல?"

முதுகைக் காட்டிய தகரம்

இரண்டாம் தடவை புள்ளியே இல்லை. "மேடம், உங்க தகரம் இருக்கா, யாராச்சும் தூக்கிட்டாங்களா?" என்று கேட்டார் மேனேஜர். போய்ப் பார்த்தால் இருக்கிறது, ஜம்மென்று இருக்கிறது. மேற்குப் பார்த்து நான் நட்டது கிழக்குப் பார்த்து நிற்கிறது. நாலு போல்ட்டையும் கழற்றி, ஆள் வைத்துத் திருப்பி, மறுபடி முடுக்கியிருக்கிறார்கள். நெற்றியில் சந்தனம் குங்குமம் வேறு.

கோபத்தோடு காம்பஸை வைத்துத் திருப்பி நட்டேன். வரப்பில் நின்ற போஸ் அண்ணன், எத்தனை டிகிரி, எவ்வளவு சாய்வு என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். எரிச்சலோடு எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் நிஜமாகவே அழுதேன். அழகர்சாமி அண்ணனைத் திட்டவும் மனசு வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது இதுதான்: "ஒரு தடவை கெட்டுப்போச்சேன்னு எனக்குத் தூக்கமே இல்ல தாயி. மேக்க பாத்து வச்சா எப்படி வெளங்கும்? அதான் கெழக்க திருப்பிச் சூடமும் காட்டிட்டேன்."

கடைசி வாய்ப்பு

மூன்றாம் தடவைக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். ஓட்டை திறந்திருக்கிறது, திசை சரி, சாய்வு சரி. யாரும் கிட்டே போகக் கூடாது என்று மனுஷர்களிடமெல்லாம் சத்தியம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மாட்டிடம் வாங்கவில்லை.

காலையில் எட்டு மணிக்குப் போய் இறங்கினால், அழகர்சாமி அண்ணன் தன் காளையை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருக்கிறார். விடியும்போதே கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தகரத்தில் முதுகைச் சொறிந்திருக்கிறது. ஒரு தகடு கோணி நின்றது. போச்சுடா! வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜெராக்ஸ் மெஷினின் சூடு மறுபடி முகத்தில் அடிக்கிற மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு மேனேஜரின் போன். "மேடம், ரெண்டு புள்ளி தெரியுது. ஒண்ணு மங்கல். அம்பது மீட்டர் தள்ளி இன்னொண்ணு, அவ்வளவு சுத்தமா இருக்கு. அது யாரு வச்சது?"

கோணிய தகட்டையே வெறித்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம், போஸ் அண்ணன் வயல் நடுவில், புதுத் தகரம் ஒன்று மேற்குப் பார்த்து மின்னிக்கொண்டிருந்தது. அதே மூன்று முக்கோணம், அதே சாய்வு. நேற்று நான் பஸ் ஏறிய பிறகு கொண்டுவந்து நட்டிருக்கிறார். பயத்தோடு உண்மையைச் சொன்னேன். மேனேஜர், "சரி, இடத்தை மாத்த வேண்டாம். அவர் இன்னும் நாலு செஞ்சு தருவாரான்னு கேளுங்க. நடுறது நீங்கதான்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஓடிப்போய், "ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். போஸ் அண்ணன் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க மச்சான் வயலு மட்டும் வானத்துல தெரியணும், என் வயலு தெரியக் கூடாதா தங்கச்சி? மூலைமட்டம் வச்சு அடிச்சது, ஒரு நூல் பிசகாது."

ஆக, நம் கடல் எல்லை பத்திரமாக இருக்கிறதென்றால், கொட்டாம்பட்டியில் ஒரு மச்சானுக்கு இன்னொரு மச்சான் மேல் இருக்கும் வயிற்றெரிச்சலும் அதற்கு ஒரு காரணம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.